மயங்கும் அந்தச் சில நிமிடங்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



மயக்க மருந்து வைத்தியத்துறையில் இருக்கும் என்னை, எல்லோருக்கும் பயன்படும்படி பேசுமாறு சங்கத்தினர் கேட்டுக்கொண்டார்கள். சத்திரசிகிச்சை என்றதும் எவரும் கத்தியை நினைத்தே பயப்படுவார்கள். கத்தி படுவதற்கு முன்னரே உடல் ஒரு சோதனையைக் கடக்கிறது. அதைப் பற்றியே இன்று சொல்லப் போகிறேன்.

பெரிய சத்திரசிகிச்சைகளில் நோயாளியை மயக்கியபின், அவருடைய சுவாசத்தை நாமே நடத்த வேண்டியிருக்கிறது. அதற்காக வாய்வழியே வாதனாளிக்குள் ஒரு குழாயைச் செலுத்துகிறோம். சோறு புரைக்கேறினாலே எவ்வளவு இருமுகிறோம்! குரல்வளை அத்தனை உணர்ச்சியுள்ள இடம். மயக்கத்திலும் அது முற்றாக அடங்குவதில்லை. கருவி பட்டதும் பரிவு நரம்புகள் தூண்டப்பட்டு, அதிரினலின் சுரந்து, இதயத் துடிப்பு விரைகிறது. குருதி அமுக்கம் ஏறுகிறது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது விளங்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். சுகதேகிகளுக்குத் தீங்கில்லை. ஆனால் இதயத்தின் குருதிக்குழாய் ஒடுங்கியவருக்கு மாரடைப்பும், கர்ப்பகால உயர் குருதி அமுக்கமுள்ள தாய்க்கு மூளையில் குருதிக்கசிவும் அந்தச் சில நிமிடங்களில் வந்துவிடலாம்.

மயக்குவதற்கு இரு வழிகள் உண்டு. 1846இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மோட்டன் என்பவர் ஈதர் ஆவியைச் சுவாசிக்கச் செய்து காட்டியது முதலாவது வழி. இன்று ஈதரின் இடத்தில் செவோபுளூரேன் இருக்கிறது. மற்றது நாளத்தில் ஏற்றும் வழி. 1934இல் தயோபென்டோன் வந்தபின் அது பரவியது. 1980களில் பால்போல் வெண்மையான புரொப்போபோல் வந்தது.

புரொப்போபோல் ஒரு நிமிடத்துக்குள் மயக்கிவிடும். குரல்வளையின் உணர்ச்சியையும் நன்றாக அடக்கும். ஆனால் குருதிக்குழாய்களைத் தளர்த்துவதால், குழாய் செலுத்த முன்னரே அமுக்கம் விழும். முதியவர்களுக்கும் குருதி இழந்தவர்களுக்கும் அந்த வீழ்ச்சியே ஆபத்து. செவோபுளூரேன் மெதுவாக வேலை செய்யும். நோயாளி தானாகச் சுவாசித்தபடியே உறங்குவார். அமுக்கமும் பொதுவாக அவ்வளவு சடுதியாக விழாது. ஊசிக்குப் பயந்த குழந்தைக்கு அது பெரிய உதவி. ஆயினும் மயக்கம் ஆழமாகுமுன் குழாயைச் செலுத்தினால் அமுக்கம் துள்ளி ஏறும். அளவுக்கு மிஞ்சி ஆழமாக்கினால் அதுவும் அமுக்கத்தை இறக்கிவிடும்.

எது சிறந்தது என்று கேட்பீர்கள். ஆளைப் பார்த்துத்தான் பதில் சொல்லலாம். ஓர் இளம்பெண்ணுக்குக் கொடுக்கும் புரொப்போபோலில் பாதியளவே 80 வயது அம்மம்மாவுக்குப் போதுமாகலாம். அதையும் மெதுவாகவே ஏற்றுவோம். பென்டனைல் போன்ற வலிநீக்கியை முன்கூட்டியே கொடுத்து, கருவியை இயன்றவரை 15 செக்கன்களுக்குள் வெளியே எடுத்துவிடுவோம்.

இந்தத் தீர்மானங்களுக்கு எமக்கு வேண்டியது நீங்கள் சொல்லும் உண்மை. சத்திரசிகிச்சை பிற்போடப்படும் என்ற பயத்தில், "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, டொக்டர்" என்று சொல்பவர்கள் எங்கள் பெண்களில் அதிகம். பிரஷர் குளிசையும் இதயக் குளிசையும் கைப்பையிலேயே மறைந்திருக்கும். தயவுசெய்து அவற்றை எடுத்துக் காட்டுங்கள். சில குளிசைகளைச் சடுதியாக நிறுத்துவது ஆபத்து. சிலவற்றை அன்று காலை விழுங்குவது ஆபத்து. எது எப்படியென்று வைத்தியரிடமே கேளுங்கள். படியேறும்போது மூச்சு வாங்கினால் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் தலையிடியையும் கண் மங்குவதையும் சாதாரணமென்று விட்டுவிடாதீர்கள்.

வகுப்பில் எழுந்து நின்று தெளிவாகப் பதில் சொல்ல நூறு ஆண்டுகளாகப் பெண்பிள்ளைகளைப் பழக்கிய கல்லூரி இது. எங்கள் சொந்த உடம்பைப் பற்றி வைத்தியர் கேட்கும்போதும் அதே தெளிவோடு பதில் சொல்வோம்.