விக்டோரியா பார்க் ஆடுகளம்



ஆஸ்திரேலிய நாட்டின் மெல்பர்ன் மாநகரத்தினூடே யாரா என்னும் ஆறு ஓடுகிறது. அவ்வாற்றுக்கு அணித்தே, அபட்ஸ்போர்டு என்னும் பகுதியில், விக்டோரியா பார்க் என்றொரு மைதானம் உண்டு. காலிங்வுட் கால்பந்துக் கழகத்தார் 1892 முதல் 1999 வரை அதனைத் தம் சொந்த வீடாகவே கொண்டு ஆடி வந்தனர். கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் வரலாறு உண்டென்பதை நாம் எளிதில் ஒப்புகிறோம். புல் முளைத்த ஒரு திடலுக்கு என்ன வரலாறு என்று உங்களுள் சிலர் நினைக்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு நினைத்தவன்தான்.

அங்கே ஆடப்படும் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. களம் முட்டை வடிவமானது. பந்தும் ஏறக்குறைய அவ்வடிவமே. பக்கத்துக்குப் பதினெண்மர் ஆடுவர். பந்தைக் கையால் பிடிக்கலாம், குத்தித் தள்ளலாம், காலால் உதைக்கலாம். களத்தின் இரு முனைகளிலும் நந்நான்கு கம்பங்கள் நிற்கும். நடு இரண்டின் ஊடே உதைத்தால் 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் சென்றால் 1 புள்ளி. இவ்வளவு தெரிந்தால் போதும். மற்றவற்றை அந்நாட்டவரே இன்னும் வாதாடிக் கொண்டிருக்கின்றனர்.

காலிங்வுட் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த ஊர். செருப்புத் தொழிற்சாலைகளும் தோல் பதனிடும் இடங்களும் அங்கே நிறைந்திருந்தன. இவ்வாட்டத்துக்குரிய பந்தைச் செய்து புகழ்பெற்ற ஷெரின் என்பவரின் தொழிற்சாலையும் அவ்வூரிலேதான் எழுந்தது. கழகம் பிறந்த மறு ஆண்டு, 1893இல், மெல்பர்னின் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. வேலையும் சேமிப்பும் இழந்த மக்களுக்குச் சனிக்கிழமைப் பிற்பகல் ஒன்றே மிஞ்சியது. அன்று அவர்கள் விக்டோரியா பார்க்கில் கூடினர். முதல் ஆட்டத்தில் அண்டை ஊராகிய கார்ல்டனிடம் காலிங்வுட் தோற்றது. ஆயினும் நான்கே ஆண்டுகளில், 1896இல், வாகை சூடியது. பணக்காரப் பகுதிகளின் அணிகளைத் தம் தெருப் பிள்ளைகள் வீழ்த்தக் கண்ட மக்களின் நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமான கோடிட்ட சட்டை அவர்களுடையது. மேக்பை என்னும் பறவை அவர்களின் சின்னம்.

அக்களத்தின் பொற்காலம் மற்றொரு பஞ்ச காலத்தோடு சேர்ந்தே வந்தது. 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் காலிங்வுட் வாகை சூடியது. அந்தச் சாதனையை அந்த உயர்நிலைப் போட்டியில் வேறு எந்த அணியும் இன்றுவரை எட்டவில்லை. 1929ஆம் ஆண்டின் பதினெட்டு முறை ஆட்டங்களிலும் அது ஒன்றில்கூடத் தோற்கவில்லை. இறுதிப் போட்டிகள் நடந்தவை பெரிய மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில். எனினும் அவ்வணி உருவான இடம் விக்டோரியா பார்க்கே. அதனை உருவாக்கியவர் ஜாக் மக்ஹேல். 1912 முதல் 1949 வரை 714 ஆட்டங்களுக்கு அவர் பயிற்சியாளராக இருந்தார். பிழைப்புக்கு மதுவடிசாலை ஒன்றில் வேலை பார்த்தவர் அவர். எல்லோரும் ஒரே பொறியின் உறுப்புகள்போல் இயங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனாலேயே அவ்வணிக்கு 'இயந்திரம்' என்ற பெயர் நிலைத்தது.

அந்த இயந்திரத்தின் கூர்முனை கார்டன் கவென்ட்ரி. 1930இல் விக்டோரியா பார்க்கில் பிட்ஸ்ராய் அணிக்கு எதிராக அவர் ஒருவரே 17 கோல் அடித்தார். ஓர் அணி முழுவதும் சேர்ந்து அடித்தாலே பெருமையாகக் கருதப்படும் எண்ணிக்கை அது. அவர் ஆட்டவாழ்வு முடியும்போது கணக்கு 1299 கோல். அந்தக் கணக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் எவராலும் மிஞ்சப்படாமல் நின்று, 1999இல்தான் டோனி லாக்கெட் என்பவரால் கடக்கப்பட்டது. அந்த 1300ஆவது கோலை அவர் அடித்ததும் காலிங்வுட்டுக்கு எதிராகவே!

இங்கே இடைமறித்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். அம்மைதானத்தில் ஜாக் ரைடர் பெயரால் ஒரு பார்வையாளர் கூடம் இன்றும் நிற்கிறது. ரைடர் காலிங்வுட்டின் கிரிக்கெட் வீரர். ஆஸ்திரேலிய அணிக்கே தலைவராக இருந்தவர். 1935-36இல் இந்தியாவுக்கு வந்த ஆஸ்திரேலிய அணியையும் அவரே நடத்தி வந்தார். அவ்வணி நம் சேப்பாக்கத்திலும் ஆடியது. அவர் பெயரை அங்கே கண்டபோது, அயலூரில் பழகிய முகம் ஒன்றைக் கண்டாற்போல் இருந்தது எனக்கு.

இனி, சொல்ல மகிழாத ஒரு பகுதிக்கு வருகிறேன். இதற்காகவே இப்பேச்சை ஏற்றுக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

யாரா ஆற்றங்கரை ஆதியில் வுருஞ்ஜெரி என்னும் ஆதிக்குடி மக்களின் நிலம். அவர்கள் மண்ணில் எழுந்த களத்தில், ஆதிக்குடியினரான ஆட்டக்காரர் இறங்கும்போதெல்லாம் கூட்டத்திலிருந்து இழிசொற்கள் பறந்தன. அது காலிங்வுட்டுக்கு மட்டும் உரிய குற்றம் அன்று. ஆயினும் வேலியை ஒட்டி நெருங்கி நின்று குரலெழுப்பும் அக்கூட்டத்தின் சொற்கள் மிகவும் சுட்டன. மாற்றார் ஏளனத்தைத் தாங்கித் தாங்கி உரம்பெற்ற ஓர் ஏழை ஊர், தன்னினும் எளியவர் எனத் தான் கருதியவரை ஏளனம் செய்தது. இதை நினைக்கும்போது, அவர்களின் பழைய வெற்றிகளைப் படித்து நான் அடைந்த மகிழ்ச்சி சற்றே கசக்கிறது.

1993 ஏப்ரல் 17. செயின்ட் கில்டா அணி விக்டோரியா பார்க்குக்கு வந்தது. பதினேழு ஆண்டுகளாக அவ்வணி அங்கே வென்றதில்லை. அதில் இருவர் ஆதிக்குடியினர்: நிக்கி வின்மார், கில்பர்ட் மக்கடம். முதலில் நடந்த துணை அணிகளின் ஆட்டத்தை அவ்விருவரும் பார்த்துக் கொண்டிருந்தபோதே வசை தொடங்கிவிட்டது. இன்று நம் ஆட்டத்தாலேயே விடை கூறுவோம் என்று இருவரும் தமக்குள் உறுதி செய்துகொண்டனர். மகன் ஆடுவதைக் காண வந்திருந்த மக்கடமின் தந்தை அவ்வசையைப் பொறுக்கமாட்டாமல் ஆட்டம் முடியுமுன்பே எழுந்து சென்றுவிட்டார். மகன் 5 கோல் அடித்தார். வின்மார் களமெங்கும் ஓடி ஆடினார். செயின்ட் கில்டா 22 புள்ளிகளால் வென்றது.

முடிவு மணி ஒலித்தது. கூட்டத்தின் வசை அப்போதும் ஓயவில்லை. வின்மார் அக்கூட்டத்தை நோக்கித் திரும்பி நின்றார். தம் சட்டையை மார்புக்கு மேலே தூக்கினார். தம் கறுத்த தோலை விரலால் சுட்டிக் காட்டினார். தாம் கறுப்பர், அதில் தமக்குப் பெருமை என்று அவர் உரைத்ததாக அருகிருந்தோர் கேட்டனர். பத்திரிகைப் படக்காரர் இருவர் அக்கணத்தைப் படம் பிடித்தனர். மறுநாள் அப்படம் வெளியாயிற்று. நாடு முழுவதும் அதைக் கண்டது.

ஒரு கணத்தால் எல்லாம் மாறிவிடவில்லை. சில நாட்களில் காலிங்வுட் கழகத்தின் தலைவரே, ஆதிக்குடியினர் வெள்ளையரைப்போல் நடந்துகொண்டால் மதிக்கப்படுவர் என்னும் பொருள்படப் பேசிப் பெருங் கண்டனத்துக்கு ஆளாகி, மன்னிப்புக் கேட்டார். 1994 பிப்ரவரியில் அக்கழகம் வடக்கே டார்வின் நகருக்குச் சென்று, ஆதிக்குடி ஆட்டக்காரர் மட்டுமே கொண்ட அணியோடு ஆடித் தோற்றது. 1995இல் மற்றோர் ஆதிக்குடி வீரர் மைக்கேல் லாங், காலிங்வுட் ஆட்டக்காரர் ஒருவரின் வசைக்கு எதிராக முறையிட்டார். அதன்பின் அவ்வாண்டே, களத்தில் இனவசை கூறுவதைத் தடுக்கும் விதி பிறந்தது. விதி வந்தும் நோய் தீரவில்லை. 2021இல் வெளியான ஆய்வறிக்கையொன்று, காலிங்வுட் கழகத்தின் அமைப்பிலேயே இனப்பாகுபாடு ஊறியிருந்தது என்று கூறிற்று. அவ்வறிக்கையைக் கேட்டு வாங்கியது அக்கழகமே என்பதையும் சொல்லவேண்டும்.

1999 ஆகஸ்ட் 28இல் அம்மைதானத்தின் கடைசிப் பெரும் போட்டி நடந்தது. பிரிஸ்பேன் அணியிடம் காலிங்வுட் தோற்றது. பதினாறு அணிகளுள் கடைசி இடத்தில் அவ்வாண்டை முடித்தது. நூற்றாண்டு கண்ட வீட்டிலிருந்து இப்படியா வெளியேறுவது! ஆயினும் பல்லாயிரவர் கூடி வழியனுப்பினர். அதன்பின் பெரும் போட்டிகள் பெரிய மைதானங்களுக்குச் சென்றன. விக்டோரியா பார்க் பொதுப் பூங்காவாயிற்று. அண்மை ஆண்டுகளில் காலிங்வுட்டின் பெண்கள் அணி அங்கே ஆடுகிறது.

வின்மார் சட்டையைத் தூக்கி நிற்கும் சிலை 2019இல் அவர் பிறந்த மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், பெரிய விளையாட்டரங்கின் வெளியே நிறுவப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப்பொழுதில் மின்சார ரயில் ஏறி, அம்மைதானத்தை ஒட்டியே இருக்கும் நிலையத்தில் இறங்கினேன். கதவு இல்லை, சீட்டு இல்லை; நேரே புல்வெளியில் நடந்தேன். ஒரு சிறுவன் தன் தங்கைக்குப் பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்துக் கொண்டிருந்தான். கறுப்பு வெள்ளைக் கழுத்துத்துணி அணிந்த முதியவர் ஒருவர் நாயோடு உலாவிக் கொண்டிருந்தார். வின்மார் நின்ற இடம் எது என்று அவரைக் கேட்டேன். சற்றும் தயங்காமல் கைநீட்டிக் காட்டினார்.

"அன்று நானும் இங்கேதான் இருந்தேன்" என்றார்.

நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் அந்த இடத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டு, நாயை அழைத்துக்கொண்டு நடந்தார்.