நாள் பார்த்தால் போதுமா? விளைவு பார்க்க வேண்டாமா?

(ஒரு சுயமரியாதைத் திருமணத்தில் பேசியதின் சுருக்கம்)



இத் திருமணத்தில் புரோகிதர் இல்லை; ஓமப் புகை இல்லை; நல்ல நேரம் தவறிவிடுமோ என்று கடிகாரத்தைப் பார்த்துத் துடித்தவர்களும் இல்லை. மணமக்கள் இருவரும் நம் எல்லோர் முன்னிலையிலும் ஒப்பந்தம் கூறி மாலை மாற்றிக் கொண்டார்கள்; காரியம் முடிந்துவிட்டது. இனி மணமக்களுக்குப் புத்தி சொல்லுவது வழக்கம். நாம் அப்படிச் சொல்லப் போவதில்லை. ஏனெனில், அவர்கள் யோசித்துத்தான் இங்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நமது பேச்சு பெரியவர்களென்று சொல்லிக் கொள்ளுகிற நமக்கேயாகும்.

நம் நாட்டில் ஒருவன் மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான், எத்தனை படி கறக்கும் என்று நாலு பேரை விசாரிக்கிறான். அதே மனிதன் தன் மகளுக்குக் கல்யாணம் என்றால் இரண்டு ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் ஓடுகிறான். அவரும் தினம், கணம், யோனி, ரஜ்ஜு என்பதாக 10 பொருத்தம் பார்த்துச் சொல்லுகிறார். மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு, பெண்ணுக்கு நகை எத்தனை பவுன் என்பது மாத்திரம் நன்றாக விசாரிக்கப்படுகிறது. பெண்ணின் மனம் என்ன, அவள் படிப்பு என்னவாகும், வாங்குகிற கடனை யார் எப்போது அடைப்பது என்பவைகளுக்கு அந்தப் பத்திலே ஒரு பொருத்தமும் கிடையாது.

ஜோசியம் பொய் என்று நாம் வெகு காலமாகச் சொல்லி வருகிறோம். அதனால் கொடுக்கும் தட்சிணை சிறிய நஷ்டந்தான். பெரிய நஷ்டம் என்னவென்றால், யோசிக்கிற வேலையை இன்னொருவன் தலையில் போட்டுவிட்டு மனிதன் சும்மா இருந்துவிடுகிறான் என்பதே. காரியம் நன்றாக நடந்தால் ‘நல்ல நேரம்’ என்கிறான். கெட்டால் ‘தலைவிதி’ என்கிறான். முன்னுக்குக் கிரகம், பின்னுக்கு விதி. நடுவில் பொறுப்பேற்க ஒரு மனிதனும் இல்லை. பொறுப்பேற்காதவன் தன் தவறிலிருந்து எதைக் கற்றுக்கொள்ள முடியும்? தகப்பன் செய்த தவறையே மகனும் அதே முகூர்த்தத்தில் செய்கிறான்.

உதாரணமாக, கல்யாணக் கடனையே எடுத்துக் கொள்ளுவோம். ஊரார் மெச்ச வேண்டுமென்று ஒருவர் மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டியில் 5 லட்சம் ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 10 ஆயிரம் ரூபாய் வட்டி. 50 மாதம் தவறாமல் கட்டினால் 5 லட்சமும் வட்டிக்கே போய்விடும். அதாவது 4 வருஷம் 2 மாதம் கழித்தும், வாங்கிய அசல் 5 லட்சம் ஒரு காசு குறையாமல் அப்படியே நிற்கும்! பந்தல் பிரித்தது ஒரே நாளில். சாப்பாட்டை மறந்தது ஒரு வாரத்தில். வட்டி மாத்திரம், பிறந்த பேரன் பள்ளிக்கூடம் போகும் வரையில் கூடவே வருகிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி முதலியவைகளைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமே செய்யப்பட்டது. ஆனால் நாமாக வலியப் போய்க் கையெழுத்துப் போடும் கையைச் சட்டம் வந்து பிடித்துக் கொள்ளுமா?

இந்தக் கணக்குப் பெரிய சாஸ்திரமல்ல. பள்ளிக்கூடத்தில் தனிவட்டி என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுதான். பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து வட்டிக் கணக்குப் போட்டுக் கொண்டிருக்கும். தகப்பனார் உள்ளே உட்கார்ந்து கணக்குப் போடாமலே புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொண்டிருப்பார். இரண்டுக்கும் சம்பந்தமுண்டு என்று அந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்லுவதில்லை. அந்தத் தகப்பனாருக்கும் யாரும் சொன்னதில்லை. குறளில் ‘தெரிந்து செயல்வகை’ என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. அதையும் நாம் மனப்பாடம் செய்து, பரீட்சையில் மார்க்கு வாங்கி, பிறகு பஞ்சாங்கத்தைப் புரட்டப் போய்விடுகிறோம்.

நிற்க, இன்னொரு சங்கதி. சொத்து வெளியே போகக்கூடாதென்று அக்காள் மகளையும், மாமன் மகளையும், அத்தை மகளையும் கட்டி வைக்கிறோம். இதைச் சொன்னால், “எங்கள் பாட்டி தாய்மாமனைத்தான் கட்டினாள், 8 பிள்ளை பெற்றாள், என்ன கெட்டுப் போயிற்று?” என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான், பதில் சொல்லுகிறோம். வைத்தியர்கள் கண்டது என்னவென்றால், உறவில்லாதவர்கள் மணந்து பெறும் குழந்தைகளில் நூற்றுக்கு 2, 3 குழந்தைகள் பிறவிக் குறையோடு பிறக்கின்றன. மாமன் மகள், அத்தை மகள் போன்றவர்களை மணந்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. தாய்மாமனும் அக்காள் மகளும் அதைவிட நெருங்கிய இரத்தமாதலால் அபாயமும் அதிகம். காரணம், ஒரே முன்னோரிடமிருந்து வந்த மறைவான குறை தாயிடமும் இருந்து தகப்பனிடமும் இருந்து, குழந்தையிடம் வந்து ஒன்று சேர்ந்து வெளிப்படுவதுதான்.

ஆகவே, சொந்தத்தில் மணந்தவர்களுடைய பிள்ளைகளெல்லாம் ஊனமாய்ப் பிறக்கும் என்று நாம் பயமுறுத்தவில்லை, அது பொய். நூற்றில் பெரும்பாலோர் நன்றாகவே பிறப்பார்கள். பாட்டியின் 8 பிள்ளைகளும் அந்தப் பெரும்பாலோரில் சேர்ந்தவர்கள். ஒருவன் இரு பக்கமும் பார்க்காமல் ரயில் பாதையைத் தாண்டிப் பிழைத்து வந்தால், அவன் அதிர்ஷ்டக்காரனென்று சொல்லலாமே ஒழிய யோசனைக்காரனென்று சொல்லலாமா? அவனைப் பார்த்துப் பத்துப் பேர் அப்படியே தாண்டலாமா? காரியம் தப்பிப் பிழைத்தது வேறு. முடிவு சரியானது வேறு. இந்த வித்தியாசத்தை அறிவதுதான் விளைவைச் சீர்தூக்கிப் பார்ப்பதன் முதல் பாடமாகும்.

இப்படி விளைவு, விளைவு என்று பார்த்துக் கொண்டிருந்தால் எந்தக் காரியமும் நடக்காதே, மனிதன் கோழையாகி விடுவானே என்று சிலர் சொல்லுவார்கள். அப்படியல்ல. 1928 முதல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்ட நம் தோழர்களை நினைத்துப் பாருங்கள். அப்போது அதற்குத் தனிச் சட்டம் இல்லை. 1950-களில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் அப்படிப்பட்ட திருமணம் செல்லாதென்றே தீர்ப்புச் சொல்லிற்று. 1967-ல் அண்ணாதுரை ஆட்சியில் சட்டம் நிறைவேறி, 1968 ஜனவரியில்தான் அமுலுக்கு வந்தது. முன் நடந்த திருமணங்களும் அதனால் செல்லுபடியாயின. இடையில் 40 வருஷம்! ஜாதியார் விலக்குவார்கள், சொத்தில் வழக்கு வரலாம் என்று தெரிந்தே துணிந்தவர்கள் எத்தனையோ பேர். தெரியாமல் குதிப்பவனைத் துணிச்சல்காரன் என்பதற்கில்லை. ஆழம் தெரிந்து, அக்கரைக்குப் போக வேண்டிய அவசியமும் தெரிந்து இறங்குகிறவனே துணிச்சல்காரன்.

ஆனால் இது தானாக வருவதல்ல, பழக்க வேண்டியது. ஒரு முடிவு செய்யுமுன் 5 கேள்வி கேட்டுக்கொள்ளப் பழகுவோம். இதனால் யார் யாருக்கு என்ன ஆகும்? இன்றைக்கு என்ன, 5 வருஷம் கழித்து என்ன? தவறிப் போனால் திரும்பிவர வழியுண்டா? இதைவிட்டால் வேறு வழி என்ன? இதில் கஷ்டப்படப் போகிறவர் யாரோ அவரைக் கேட்டோமா? பதிலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு வருஷம் கழித்து எடுத்துப் பாருங்கள். எங்கே தவறினோம் என்று உங்கள் கையெழுத்தே சொல்லும். அதற்கு விதியின்மேல் பழி போட முடியாது.

வீட்டுச் செலவுக் கணக்கைப் பத்து வயதுப் பிள்ளையின் முன் போடுங்கள். சிறு சிறு காரியங்களை அதனிடமே விட்டு, அதனால் வரும் லாப நஷ்டத்தையும் அதுவே அனுபவிக்க விடுங்கள். திருவிழாவில் கொடுத்த காசு முழுவதையும் முதல் கடையிலேயே செலவழித்து விட்டால், மறுபடி கொடுக்காதீர்கள், திட்டவும் வேண்டாம். அடுத்த திருவிழாவில் பாருங்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு இதைச் செய்யுங்கள். இருபது வயது வரையில் உடுத்தும் துணியைக்கூட அவளைக் கேட்காமல் வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு, “பெண்களுக்கு யோசனை போதாது” என்று சொல்லுவது, காலைக் கட்டிவிட்டு நடக்கத் தெரியவில்லை என்பது போலாகும். அவளுடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கிற கூட்டத்தில் அவளுக்கு மாத்திரம் இடமில்லை; காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான் அவள் வேலை என்றால், அது என்ன கூட்டம்?

தோழர்களே! இம் மணமக்கள் கடன் வாங்காமல், தங்கள் சம்பாத்தியத்துக்குள் இத் திருமணத்தை முடித்திருக்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையிலும் கஷ்டம் வரலாம். வராதென்று சொல்ல நாம் ஜோசியரல்ல. வந்தால் இருவரும் உட்கார்ந்து, எதனால் வந்தது, இனி என்ன செய்வது என்று பேசுவார்களே ஒழிய, கிரகத்தைத் தேடிப் போகமாட்டார்கள் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையோடு அவர்களைப் பாராட்டி, வீடு திரும்பும் நீங்கள் ஒவ்வொருவரும் அடுத்து எடுக்கப் போகும் முடிவுக்கு அந்த 5 கேள்விகளைப் போட்டுப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக் கொண்டு முடித்துக் கொள்ளுகிறோம்.