பழைய இழைப்பு எந்திரம் வாங்குதல்



வீட்டில் மரவேலை செய்யும் அன்பர்கள் பலர், பழைய இழைப்பு எந்திரம் வாங்கலாமா என்று என்னைக் கேட்பதுண்டு. தாராளமாக வாங்கலாம். வார்ப்பிரும்பு மேசைக்கு முதுமை ஒரு குறையன்று. மேல் துருவைத் தேய்த்துப் போக்கிவிடலாம். விரிசலோ ஒட்டுப்போட்ட அடையாளமோ காணப்படின் திரும்பி விடுங்கள். அச்சைத் தாங்கும் வெள்ளை உலோகம் தேய்ந்திருப்பினும் அஞ்ச வேண்டா; பழைய ரயில் பெட்டிகளின் அச்சுப் பெட்டிகளிலும் அவ்வகை உலோகமே இருந்தது. எண்ணெய் வற்றினால் உருகும், மீண்டும் வார்த்துக்கொள்ளலாம். மும்முனை மின்சார மோட்டார் 230 வோல்ட் வீட்டு இணைப்பில் அப்படியே ஓடாது. அச்செலவையும் கணக்கிற் சேர்த்துக்கொள்க.

கத்தி பூட்டிய தண்டு சதுரமாயிருப்பின் மட்டும் விலையே பேசாதீர்கள். அதன் பக்கங்களுக்கும் மேசை விளிம்புக்கும் இடையே பெரும் பள்ளம் உண்டு; கை வழுக்கினால் விரல்களை உள்ளே இழுத்துவிடும். உருளைத் தண்டும் வெட்டும். எனினும் அவ்வளவு ஆழமாக வெட்டாது.

நான் முதலிற் பார்த்தது சதுரத் தண்டுதான். விலை என் சம்பளத்துக்கு எட்டியது. “ஐம்பது வருஷம் ஓடியது, ஐயா; ஒன்றும் ஆகவில்லை” என்றார் விற்பவர். சுட்டிக் காட்டிய அவர் கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. முன்பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். எட்டு மாதம் கழித்து உருளைத் தண்டுள்ளது ஒன்று கிடைத்தது. மோட்டாரை மட்டும் மாற்றினேன்.