சிறு வேடமும் பெரு நடிகரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புலவர் பெருமக்கள் வீற்றிருக்க வேண்டிய மேடையில், பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் கணக்கெழுதிக் காலந்தள்ளும் என்னை நிறுத்தியிருக்கிறீர்கள். ஆகையால், எனக்குச் சற்றே உரிமையுள்ள ஒருவரைப் பற்றிப் பேசத் துணிந்தேன். அவரும் ஒரு காலத்தில் ரயில்வே எழுத்தராக இருந்தவர்தாம். அவரே நடிகர் நாகேஷ்.

அவரை நகைச்சுவை நடிகர் என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். அப்பெயர் அவருக்குப் போதாது என்பது என் எண்ணம். சிரிப்பு, சோகம், சூழ்ச்சி, பாசம் ஆகிய எதை ஏற்றாலும் அதுவாகவே மாறிய நடிகர் அவர். அந்த ஆற்றலுக்கு வித்திட்டது, நம்மைப் போன்ற ஊழியர்கள் அலுவல் முடிந்தபின் கூடி நடத்திய நாடக மேடை. இதையே இன்று வற்புறுத்த விரும்புகிறேன்.

1933ஆம் ஆண்டில் பிறந்தவர் நாகேஷ், தாராபுரத்துக்காரர். வீட்டில் பேசிய மொழி கன்னடம். முகத்தில் அம்மைத் தழும்பு. உடலோ மிக மெலிந்தது. கதாநாயகனுக்கு உரியவை என்று அக்காலத்தார் வகுத்திருந்த இலட்சணங்களில் ஒன்றேனும் அவரிடம் இல்லை. சென்னையில் ரயில்வே உத்தியோகம் பார்த்த நாளில், ஊழியர்கள் நடத்திய நாடகமொன்றில் வயிற்றுவலிக்காரராகத் தோன்றினார். சில நிமிடமே வந்து மறையும் வேடம். விழாவுக்கு வந்திருந்த எம்.ஜி.ஆர். அவர்கள் அந்த மெலிந்த மனிதரைத் தனியே குறிப்பிட்டுப் பாராட்டினார். 1958இல் 'மனமுள்ள மறுதாரம்' படத்தின் வாயிலாகத் திரையிலும் கால் வைத்தார்.

அவருக்கு ஏற்ற நாடகங்களை எழுதிய கே. பாலசந்தரும் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் பணியாற்றியவரே. ஓர் எழுத்தர் எழுத, மற்றோர் எழுத்தர் நடித்தார்! அவ்வாறு மேடையில் வளர்ந்த 'சர்வர் சுந்தரம்', 1964இல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமாயிற்று. ஓட்டல் பணியாளன் பெரிய நடிகனாகிறான். ஆனால் விரும்பிய பெண்ணை அடைய முடியவில்லை. நம்மைச் சிரிக்க வைத்த அதே முகம் அப்படத்தில் நம் கண்களையும் நனைத்தது.

அதே ஆண்டில் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வெளிவந்தது. தந்தையாக வரும் டி.எஸ். பாலையாவுக்கு மகன் செல்லப்பா பேய்க்கதை சொல்லும் காட்சியை அறியாதார் யார்? குரலும் கையும் தவிர அங்கே வேறு கருவி இல்லை. கதை சொல்பவரின் திறமையைக் கேட்பவரின் நடுக்கம் உயர்த்துகிறது. நடிப்பென்பது கூட்டுத் தொழில் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1965இல் 'திருவிளையாடல்' படத்தில் வறுமையில் வாடும் தருமி. 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சூழ்ச்சிக்கார வைத்தி. அதே ஆண்டில் 'எதிர்நீச்சல்' படத்தில், பல குடும்பங்கள் வாழும் வீட்டில் எல்லோர்க்கும் ஏவல் செய்யும் அநாதை மாது. இம்மூவரையும் ஒருவரே நடித்தார் என்று எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது. 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் கொடியவராக வந்தார். 1994இல் 'மகளிர் மட்டும்' படத்தில் வசனமே இன்றிப் பிணமாக நடித்துச் சிரிக்க வைத்தார். அதே ஆண்டு 'நம்மவர்' படத்தில் மகளை இழந்து கலங்கும் தந்தையாகத் தோன்றி, சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார். 2009 ஜனவரி 31இல் மறைந்தார். ஐம்பதாண்டுக் காலத் திரைப்பணி அது!

அன்பர்களே! இவ்வரலாற்றில் நமக்குரிய பாடம் ஒன்று உண்டு. நம் ஜீவனஹள்ளியிலும் ஆண்டு விழா நாடகம் என்றால் ஒரு காலத்தில் இரண்டு மாத ஒத்திகை நடக்கும். இப்போதோ நாடகத்துக்குப் பெயர் கொடுப்பவர் அரிது. கொடுப்பவரும் கதாநாயகன் வேடத்தையே கேட்கிறார்கள். வேலைக்காரன் வேடத்துக்கு ஆளில்லை. ஒலிநாடாப் பாட்டுக்கு ஆடிவிட்டால் போதும், நாடகம் எதற்கு என்ற பேச்சும் செயற்குழுவில் எழுந்திருக்கிறது.

ஆடல் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் பிள்ளைகளுள் பலர் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் பயில்கிறார்கள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் இடர்ப்படுகிறார்கள். நாடகத்தில் பத்து வரி வசனம் மனப்பாடம் செய்யும் குழந்தை, அந்தப் பத்து வரியின் ஒலியையும் பொருளையும் வாழ்நாள் முழுதும் மறவாது. பாட்டுக்கு வாயசைக்கும் குழந்தைக்கு அப்பேறு கிட்டுமா? வீட்டில் கன்னடம் பேசிய ஒருவர் தமிழ் மேடையில் தமிழர் உள்ளத்தை ஆண்டார். கன்னட நாட்டில் அன்போடு வாழ இடம் பெற்ற நாம், அம்மொழியை மதித்துக் கற்போம். நம் தமிழை நம் மேடையில் வளர்ப்போம். ஒன்றுக்கு ஒன்று பகையன்று.

ஆகவே, அடுத்த ஆண்டு விழாவில் ஒரு மணி நேரமாவது முழு நாடகம் நடைபெற வேண்டும் எனச் செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். இளைஞர்களே, சிறு வேடம் என்று ஒதுக்காதீர்கள். வயிற்றுவலிக்காரர் வேடத்தை நினைவில் கொள்ளுங்கள். பெற்றோர்களே, மாலையில் ஒத்திகைக்குப் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். காட்சித் திரை தூக்கவும், நாற்காலி போடவும், வசனம் எடுத்துக் கொடுக்கவும் நான் காத்திருக்கிறேன்.