நாயும் நாடு கடக்கும் ஏடும்

உடப்புசல்லாவையின் மலைச்சரிவுகளில் அந்தி சாய்ந்ததும் பனி இறங்குகிறது. லயத்து வாசல்களில் அடுப்புப் புகை எழுகிறது. அவ்வேளையில் பல வாசல்களில் ஒரு நாய் படுத்திருக்கும். மரக்கறிப் பாத்திக்குள் காட்டுப்பன்றி புகாமல் காப்பது அது. காலையில் பெரட்டுக்குப் போகும் தாயுடன் மலையடி வரை நடந்து சென்று, பின்பு வீடு திரும்பிக் குழந்தைகளுக்குத் துணையிருப்பதும் அதுவே. சிறுத்தை உலவும் காடுகள் தேயிலை மலைகளை ஒட்டியே இருப்பதால், அக்காவலுக்குத் தன் உயிரையே அது விலையாகக் கொடுப்பதும் உண்டு.

அத்தகைய வீடொன்றின் மகள் இலண்டன் நகரில் தாதிப் பணி பெற்று, கணவனோடும் குழந்தையோடும் புறப்படுகிறாள் எனக் கொள்வோம். மூவருக்கும் கடவுச்சீட்டு ஆயத்தம், விசாவும் கிடைத்துவிட்டது. பெட்டிகளைக் கட்டும்போது குழந்தை கேட்கிறது: "நம் நாய்க்கு டிக்கெட் எங்கே?" இக்கேள்வி புறப்படும் வாரத்தில் எழுமாயின் அதற்கு ஒரே விடைதான் உண்டு, நாய் உடன் செல்ல இயலாது. அதே கேள்வி ஐந்து மாதங்களுக்கு முன் எழுந்திருந்தால் விடை வேறாக இருந்திருக்கும். நாயின் பயணத்தில் பணத்தைக் காட்டிலும் முதன்மையானது காலம்.

நாய்க்கு இத்துணை ஏடுகள் எதற்கு என்று வியப்போர் உண்டு. விசர்நாய்க்கடி நோயே அதற்குக் காரணம். நோய்க்குறிகள் வெளிப்பட்ட பின் அந்நோயிலிருந்து பிழைத்தவர் மிக அரியர். இலங்கையில் 1973ஆம் ஆண்டு ஒன்றிலேயே 377 பேர் அதனால் உயிரிழந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி இடும் பணி ஊர்தோறும் பரவிய பின்னரே அத்தொகை ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைந்தது. எனினும் நோய் இத்தீவை விட்டு முற்றாக அகலவில்லை. ஆகவே நோயற்ற நாடுகள் இங்கிருந்து செல்லும் நாயை ஐயத்தோடு நோக்குகின்றன. அவ்வையத்தைப் பகை என்று கொள்வது பொருந்தாது.

பிரித்தானியாவின் வரலாறு இதனை நன்கு விளக்கும். அந்நாடு 1902இல் விசர்நாய்க்கடியை ஒழித்தது. முதலாம் உலகப்போர் முடிந்த 1918இல், போர்முனையிலிருந்து திரும்பிய படைவீரர் சிலர் தாம் வளர்த்த நாய்களை மறைத்துக் கொண்டுவந்தனர். அன்பினால் செய்த காரியந்தான். ஆனால் அதன் பயனாக நோய் மீண்டும் புகுந்தது. அதனை ஒழிக்க 1922ஆம் ஆண்டு வரை பாடுபட நேர்ந்தது. அதன் பின் பல்லாண்டுகளாக, வெளிநாட்டிலிருந்து வரும் எந்த நாயும் ஆறு மாதம் தடுப்புக் கூடத்தில் தனித்திருத்தல் வேண்டும் என்னும் விதி அங்கே நிலைத்தது. தோட்டத்துரைமார் ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பியபோது அவர்தம் நாய்களுக்கும் அவ்விதியே பொருந்திற்று.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அறிவியல் வேறு வழி காட்டியது. நாயின் குருதியைச் சோதித்து, தடுப்பூசி பலித்ததா என அறிய முடியுமாயின், அதனை ஆறு மாதம் அடைத்து வைப்பானேன்? இந்த எண்ணத்தின் பயனாக 2000ஆம் ஆண்டில் பிரித்தானியா சில நாடுகளுக்கு மட்டும் புதிய பயணத் திட்டத்தைத் தொடங்கியது. 2012 முதல் இலங்கை போன்ற நாடுகளின் நாய்களுக்கும் அவ்வழி திறந்தது. கூண்டின் இடத்தை ஏடு பிடித்துக்கொண்டது எனலாம்.

அந்த ஏடுகளில் வரிசை மிகவும் முக்கியம். முதலாவது, அரிசி மணியளவான ஒரு மின் சில்லை நாயின் தோலடியில் செலுத்துதல் வேண்டும். அதில் 15 இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று அடங்கியிருக்கும். இரண்டாவது, சில்லு பதிந்த நாளிலோ அதன் பின்னரோ விசர்நாய்க்கடித் தடுப்பூசி இடுதல் வேண்டும். நாய்க்கு அப்போது 12 வாரமேனும் நிரம்பியிருத்தல் வேண்டும். சில்லுக்கு முன் இட்ட ஊசி கணக்கில் சேராது. ஊர் முகாமில் இட்ட ஊசி நாயைக் காக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சில்லின் எண் குறிக்கப்படாத அட்டை விமான நிலையத்தில் பேசாது.

மூன்றாவது, ஊசி இட்டு 30 நாள் கழிந்த பின் குருதி எடுத்து, செல்லும் நாடு ஏற்றுக்கொண்ட ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல் வேண்டும். எதிர்ப்பாற்றலின் அளவு, மில்லிலீற்றருக்குச் சர்வதேச அலகில் 0.5க்குக் குறையாதிருத்தல் வேண்டும். நான்காவது, காத்திருத்தல். குருதி எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் நிறைந்த பின்னரே பிரித்தானியாவினுள் நுழையலாம். ஊசி இட்ட பிறகு நாய்க்கு நோய் தொற்றவில்லை. ஊசிக்கு முன்பே தொற்றியிருந்தால் என் செய்வது? அதனை வெளிப்படுத்தவே இந்த மூன்று மாதம். இடையில் அடுத்த ஊசியின் தவணை தவறினால் எல்லாம் மீண்டும் தொடக்கத்திலிருந்தே.

இறுதி நாட்களின் கணக்கு இன்னும் நுட்பமானது. நாடாப்புழு மருந்தை, நாட்டினுள் நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் வைத்தியர் கொடுத்துப் பதிதல் வேண்டும். அரசின் அதிகாரம் பெற்ற கால்நடை வைத்தியர் கையொப்பமிட்ட சுகாதாரச் சான்றிதழ் பத்து நாட்களுக்குள் அங்கே சேர்தல் வேண்டும். உரியவர் பயணம் செய்யும் நாளுக்கும் நாயின் பயண நாளுக்கும் ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி இருப்பின், அது வணிகச் சரக்கின் விதிகளுக்கு உட்படும்.

இப்பணிகளை உடப்புசல்லாவையில் இருந்துகொண்டே முடிக்க இயலாது. இராகலை, கந்தப்பளை வழியாக நுவரெலியாவுக்குச் சென்று, அங்கிருந்து பேராதனை, கட்டுநாயக்கா எனப் பலமுறை அலைய நேரும். ஆதலால், கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்திடமும் செல்லும் நாட்டின் அலுவலகத்திடமும் அன்றைய விதிகளைக் கேட்டு, நாட்காட்டியில் குறித்துக்கொண்டு தொடங்குவதே அறிவு. விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவுக்கு நாயைக் கொண்டு செல்வோர் அந்நாட்டு விலங்குத் தடுப்புக்காப்பு அலுவலகத்தின் தடையில்லாச் சான்றை முன்கூட்டியே பெறுதல் வேண்டும். அவுஸ்திரேலியாவோ இலங்கையிலிருந்து நாய் நேரே வருவதை ஏற்பதில்லை. ஏற்கப்பட்ட மற்றொரு நாட்டின் வழியாகவே அது செல்லலாம். கூண்டும் நாய் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், படுக்கவும் போதிய அளவினதாக இருத்தல் வேண்டும். பல வாரங்களுக்கு முன்பே அதில் படுத்துறங்கப் பழகிய நாய் வானூர்தியில் அஞ்சுவது குறைவு.

ஏடுகளின் அருமையை மலையக மக்களுக்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவர்தம் முன்னோர் கடல் கடந்து வந்தபோது மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்ட பின்னரே கப்பலேறினர். எழுத்தும் எண்ணும் பொறித்த தகரத் துண்டே அவர்கள் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதைச் சொல்லிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. பின்னர் தலைமன்னாரில் கப்பலேறியோரின் குடும்ப அட்டையில் மனிதர் பெயருக்கே இடமிருந்தது. வாசலில் கிடந்த நாய்க்கு அதில் இடமில்லை.

மனிதரை எண்ணாக்கிய துண்டும் நாயின் தோலடிச் சில்லும் ஒன்றல்ல. முன்னது மனிதரைத் தோட்டத்தோடு பிணைத்தது; பின்னது நாயைத் தன் வீட்டாரோடு சேர்த்து வைக்கிறது. ஏடு ஒன்றே ஆயினும் அதனை எழுதும் நோக்கமே அதன் பெறுமதியைத் தீர்மானிக்கிறது.

எல்லா நாயும் உடன் செல்ல இயலாது. செலவு தாங்காத வீடுகள் உண்டு. நெடும்பயணத்தைத் தாங்காத முதிய நாய்களும் உண்டு. அவ்வாறாயின் நாயைத் தெருவில் விட்டுச் செல்லாமல், தடுப்பூசி அட்டையோடும் உண்ணும் வழக்கத்தோடும் அறிந்த ஒருவர் கையில் ஒப்படைத்தல் வேண்டும். புதியவர் வீட்டுக்கு அது சில நாள் சென்று வந்து பழகவும் காலம் வேண்டும்.

உடன் கொண்டு செல்வதாயினும் விட்டுச் செல்வதாயினும் நாயைப் பற்றிய கேள்வியைக் கடைசி வாரத்துக்கு ஒத்திவைத்தல் ஆகாது. வீட்டில் கடவுச்சீட்டு விண்ணப்பத்தை நிரப்பும் அந்த மாலையிலேயே வாசலையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நன்று. அங்கே காவலிருக்கும் உயிருக்குத் தனக்கென விண்ணப்பம் எழுதத் தெரியாது.