இளம் பாய்மரப் படகோட்டிகளும் வயதுக்கேற்ற உளப்பயிற்சியும்

பாய்மரப் படகுப் பந்தயம் தொடங்கியபின், போட்டியாளருக்கு வெளியிலிருந்து அறிவுரை கூறப் பொதுவாக விதிகள் இடமளிப்பதில்லை. காற்றுத் திசை மாறினாலும், படகு கவிழ்ந்தாலும், முடிவெடுக்க வேண்டியவர் படகிலுள்ள சிறுவனோ சிறுமியோதான். விதியை மீறியவர், அருகில் நடுவர் இல்லாவிடினும், தாமே படகைச் சுழற்றித் தண்டனையை ஏற்க வேண்டும் என்பது இவ்விளையாட்டின் மரபு. ஆதலின் இத்துறையில் பயிற்சி என்பது பெரும்பாலும் மனத்துக்கு அளிக்கும் பயிற்சியே. அம்மனமோ வயதுக்கு வயது மாறுபடுகிறது. இந்த அவையிலுள்ள மாணவர்களும் அலுவலர்களும் முதலில் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

முதற்கட்டம் 8 முதல் 11 வயது வரை. இவ்வயதினர் பெரும்பாலும் பயில்வது 'ஆப்டிமிஸ்ட்' படகில். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1947ஆம் ஆண்டு கிளார்க் மில்ஸ் வடிவமைத்த இப்படகின் உடல் 35 கிலோ எடையுள்ளது; ஒரு குழந்தை தனியே செலுத்தக் கூடியது. இங்கே முதல் எதிரி அச்சம். ஆழமற்ற நீரில், பயிற்சியாளர் அருகிலிருக்க, படகை வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்துவதை ஒரு விளையாட்டாக்கினால் அச்சம் மெல்ல விலகும். முயற்சியையும் இயல்திறனையும் சிறு குழந்தைகள் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை என்று உளவியலறிஞர் ஜான் நிக்கோல்ஸ் காட்டியுள்ளார். முயன்றால் வல்லவராகலாம் என்னும் இந்நம்பிக்கை அவர்களுடைய மூலதனம். தரவரிசைப் பட்டியலைக் காட்டி அதனைக் கரைத்துவிடலாகாது. ஒரு நேரத்தில் ஓர் அறிவுரை போதும்.

இரண்டாம் கட்டம் 12 முதல் 15 வயது வரை. இப்போது தோழர்களுடன் ஒப்பிடும் எண்ணம் வலுப்பெறுகிறது. 'எனக்குத் திறமை இல்லை' என்ற முடிவுக்கு வருவதும் எளிதாகிறது. உடல் வளர்ந்து எடை கூடும்போது சிறு படகின் வேகம் குறைகிறது. தன் திறன்தான் குன்றியது என்று சிறுவன் எண்ணிவிடுவான். 4.7 சதுர மீட்டர் பாய் கொண்ட ஐ.எல்.சி.ஏ. 4 போன்ற பெரிய படகுக்கு மாறுவது வளர்ச்சியேயன்றித் தோல்வியன்று என்பதை விளக்குவது பயிற்சியாளரின் கடமை. பல பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டி, குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர் என்பது வழக்கம். மிக மோசமான முடிவு ஒன்று பெரும்பாலும் கழிக்கப்படுவதும் உண்டு. எனவே ஒரு பிழைக்குப்பின் ஆழ்ந்து மூச்செடுத்து, பாயைச் சரிபார்த்து, அடுத்த காற்றை நோக்கும் பழக்கம், எத்தனையாவது இடம் என்ற கவலையைவிடப் பயனுடையது.

மூன்றாம் கட்டம் 16 வயதுக்கு மேல். இவ்வயதினர் தம் இலக்கைப் பயிற்சியாளருடன் கலந்து வகுக்கவும், பந்தயத்தை முன்கூட்டி மனத்தில் ஓட்டிப் பார்க்கவும், தம் பிழைகளைக் குறிப்பேட்டில் எழுதி ஆராயவும் வல்லவர்கள். பள்ளித் தேர்வின் சுமையையும் பயிற்சித் திட்டம் கணக்கில் கொள்ள வேண்டும். இவ்வயதில் நம் இளைஞர் எய்தக்கூடிய உயரத்துக்குச் சான்றுகள் உண்டு. கடற்கரையே இல்லாத மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஹர்ஷிதா தோமர் 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 16 வயதில் வெண்கலம் வென்றார். அதே மாநிலத்தின் நேஹா தாக்கூர், போபாலில் பயின்று, 2023ஆம் ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஐ.எல்.சி.ஏ. 4 பிரிவில் வெள்ளி வென்றார்.

எனினும் பதக்கம் பெறுவோர் சிலரே; பாதியில் விலகுவோர் பலர். அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் குழுக்களில் நடந்து 1992ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இங்கே சிந்தனைக்குரியது. பிழைக்குப்பின் ஊக்கமளிக்கவும் முயற்சியைப் பாராட்டவும் கற்பிக்கப்பட்ட பயிற்சியாளர்களிடம் பயின்றோரில் அடுத்த ஆண்டு விலகியவர் 5 விழுக்காடு. மற்றவர்களிடம் பயின்றோரில் 26 விழுக்காடு. வெற்றி தோல்விக் கணக்கில் இரு தரப்புக் குழுக்களுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

படகும் படகுத்துறையும் பொதுப்பணத்தில் அமையும்போது, விலகிச் செல்லும் ஒவ்வொரு குழந்தையும் ஓர் இழப்பே. பயிற்சியாளரின் சொல்லைச் சீர்செய்ய ஆகும் செலவோ மிகக் குறைவு. ஆகவே பயிற்சி மையங்களின் ஆண்டறிக்கையில் பதக்கங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே மற்றோர் எண்ணும் இடம்பெறுதல் நன்று: சென்ற ஆண்டு வந்த குழந்தைகளுள் இவ்வாண்டும் திரும்பி வந்தோர் எத்தனை பேர்?