கம்மந்தான் கான்சாகிப்: பாளையத்துப் பாதையிலிருந்து ஒரு பார்வை

மம்சாபுரத்தில் நின்று கான்சாகிப் எனப்பட்ட யூசுப்கானைப் பற்றிப் பேசுவது மதுரையில் நின்று பேசுவதைப் போன்றதல்ல. இங்கிருந்து இராஜபாளையம் கடந்து தெற்கே போனால் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர். அதற்கும் அப்பால் நெற்கட்டுஞ்செவல். பூலித்தேவர் ஆண்ட சீமை அது. மதுரைக்காரர்களுக்குக் கான்சாகிப் கோட்டையைக் காத்த வீரர். இந்தப் பாதையில் இருந்தவர்களுக்கோ அவர் பீரங்கியோடு வந்தவர். இரண்டும் ஒரே மனிதர்தான். அதைச் சேர்த்தே சொல்லவேண்டும் என்பதுதான் இன்று என் வேண்டுகோள்.

இராமநாதபுரம் சீமையின் பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்து பின்னர் இஸ்லாத்தைத் தழுவியவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆங்கிலேயர் படையில் சிப்பாய்களின் தலைவராகச் சேர்ந்த அவர், 1750களின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளிக்காக நடந்த நெடும்போரில் தளபதி லாரன்சின் கண்ணில் பட்டார். அங்கே படைக்கு அரிசியும் மாடும் வந்துசேர்வதுதான் பாதிப்போர். இரவோடு இரவாக எதிரிகளின் கண்ணில் படாமல் தானிய வண்டிகளைக் கொண்டுவந்து சேர்ப்பதில் அவரை விஞ்ச ஆளில்லை. சில ஆண்டுகளிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டன்ட் ஆக்கப்பட்டார். அந்தப் பதவிப் பெயரே நம் மக்கள் வாயில் ‘கம்மந்தான்’ என்று நின்றுவிட்டது.

1756இல் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் அனுப்பப்பட்டார். வரி கட்ட மறுத்த பாளையக்காரர்களை அடக்கி, ஆர்க்காட்டு நவாபுக்குச் சேரவேண்டியதை வசூலிப்பதுதான் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகவும் அவருடைய படை நடந்திருக்கிறது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, தென்சீமையிலிருந்து படையோடு போய், பிரெஞ்சுக்காரர்களுக்கு வரும் உணவை வெளியிலிருந்தே மறித்து அலைக்கழித்தார். திருச்சியில் கற்ற பாடத்தை இங்கே எதிரி மேல் காட்டினார். முற்றுகை தோற்று 1759 பிப்ரவரியில் லாலி பின்வாங்கினார். அதே ஆண்டு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகைக்கு மதுரையும் திருநெல்வேலியும் அவர் பொறுப்பில் விடப்பட்டன.

அடுத்து வருவது நமக்கு வலிக்கிற பகுதி. நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் 1761 மே மாதத்தில் அவர் கையில் விழுந்தன. (இது பூலித்தேவரின் பனையூர், கான்சாகிப் பிறந்த பனையூர் வேறு.) இவை கருங்கல் கோட்டைகள் அல்ல, மண் கோட்டைகள். குண்டு விழுந்தால் கல்சுவர் பிளக்கும். மண்சுவரோ குண்டை விழுங்கிக்கொள்ளும். உடைந்த இடத்தை அன்றிரவே உள்ளிருப்பவர்கள் அடைத்தும் விடுவார்கள். அப்படிப்பட்ட கோட்டைகளைச் சாய்க்கப் பெரிய பீரங்கியும் பொறுமையும் வேண்டும். இரண்டும் அவரிடம் இருந்தன. அந்த முற்றுகைகளில் மடிந்த மறவர்களின் பெயர்ப்பட்டியல் நம்மிடம் இல்லை. கான்சாகிபை விடுதலை வீரராக மட்டும் எழுதுகிறவர்கள் இந்த ஓராண்டைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அது எனக்கு ஏற்புடையதல்ல.

ஆளுகையில் அவர் திறமைசாலி. கொள்ளையை அடக்கினார், மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பறிபோன நிலங்களைத் திரும்பக் கொடுத்தார். அவரை எதிர்த்த ஆங்கிலேயர் எழுத்திலும் இந்த ஆட்சிக்குப் பாராட்டு உண்டு. அதுவே அவருக்கு வினையாகவும் முடிந்தது. மதுரையில் இவ்வளவு வலிமையான ஒருவர் வேர்விடுவதை நவாப் முகமதலி விரும்பவில்லை. குத்தகையைக் கூட்டித் தர கான்சாகிப் முன்வந்தும் பயனில்லை. தன் வசூல் நவாபின் கை வழியாகப் போகவேண்டும் என்பதை அவர் ஏற்க மறுத்தார். கம்பெனி நவாப் பக்கம் சாய்ந்தது. கான்சாகிப் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

1763 செப்டம்பரில் கம்பெனி, நவாப் படைகளின் முதல் முற்றுகை. மழை இறங்கியதும் படை பின்வாங்கியது. மறு ஆண்டு மீண்டும் வந்தார்கள். 1764 ஜூன் 26 அன்று நடந்த நேரடித் தாக்குதலைக் கோட்டைப்படை அடித்துத் திருப்பியது. தாக்கிய படையின் மேஜர் பிரெஸ்டன் அதில் பட்ட காயத்தால் இறந்தார். வாளால் ஆகாததைப் பசியால் செய்வோம் என்று மேஜர் சார்லஸ் காம்பெல் கோட்டையை வளைத்துப் படுத்தார். உள்ளே உணவு தீர்ந்தது. கான்சாகிபின் திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபா சாகிப், பிரெஞ்சுக்காரர் மர்ச்சாந்த் மூவரும் கூடிப் பேசி, அவர் தொழுகையில் இருந்த வேளையில் பிடித்துக் கட்டினார்கள். 1764 அக்டோபர் 15 அன்று, மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில், நவாபின் ஆணைப்படி அவரைத் தூக்கிலிட்டார்கள். அவர் மனைவி மாசா போர்த்துக்கீசிய மரபில் வந்தவர். அவர்களுக்கு ஒரு சிறுபிள்ளை இருந்தது.

உடலைத் துண்டாக்கித் தலையைத் திருச்சிக்கும், கைகால்களைத் தஞ்சை, பாளையங்கோட்டை, பெரியகுளம் என்று வேறுவேறு ஊர்களுக்கும் அனுப்பியதாக மக்கள் சொல்வார்கள். முதல் முயற்சிகளில் கயிறு அறுந்தது என்றும், செத்த பிறகும் நவாபின் கனவில் வந்து மிரட்டினார் என்றும் சொல்வார்கள். இவற்றை நான் வரலாறாக முன்வைக்கவில்லை. ஆனால் ஓர் ஆள் எழுந்து வந்துவிடுவான் என்று அரசு அஞ்சியதாக ஒரு சீமையே கதை கட்டியிருக்கிறது என்றால், அவர் மேல் அதற்கு இருந்த மதிப்பை அந்தக் கதையே காட்டிவிடுகிறது.

சம்மட்டிபுரத்தில் அடக்கத்தலம் இன்றும் உண்டு. தேனிக்குப் போகும் சாலையில், காளவாசலை ஒட்டி. 1808இல் அதன்மேல் சதுரமான சிறு பள்ளிவாசல் ஒன்று எழுப்பப்பட்டது. கான்சாகிப் பள்ளிவாசல் என்று பெயர். பேருந்தில் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத இடம் அது. மதுரைக்குள் கான்சாமேட்டுத் தெருவும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ‘கான்சாகிபு சண்டை’ என்ற கதைப்பாடலைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் 1972இல் வெளியிட்டது. நம் மாணவர்கள் அந்தப் பாட்டையும் படிக்கவேண்டும், நெற்கட்டுஞ்செவலுக்கும் போய்வரவேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விடக்கூடாது.

கான்சாகிப் போனதும், கோட்டைகளை இழந்திருந்த பூலித்தேவர் தம் சீமைக்குத் திரும்பி வந்தார். ஆகவே கம்பெனி தன் கையாலேயே தூக்கிக் கொடுத்த தளபதி 1761இல் முடித்துவைத்த வேலையை, கம்பெனியே மறுபடி தொடங்க நேர்ந்தது. 1767இல் டொனால்டு காம்பெல் தலைமையில் அதன் படை வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டது. மண்சுவருக்குப் பின்னால் நின்றவர்களின் உறுதியைக் கண்டு அந்தத் தளபதியே வியந்து எழுதினார்.